கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் கிடந்த அழைப்பிதழ்களை மொத்தமாக நீக்கிய அனுபவம்

பழைய சமூக ஊடகப் பதிவுகளை மொத்தமாக நீக்குவது பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலானோருக்கு முதலில் நினைவுக்கு வருபவை தாங்கள் எப்போதோ எழுதிய அரசியல் கருத்துகளும் வாய்ச்சண்டைகளும்தான். அச்சகம் நடத்தும் எனக்கு அந்த வரிசை வேறாக அமைந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தந்தையார் காலால் மிதித்து இயக்கும் டிரெடில் அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துத் தொடங்கிய அச்சகத்தை இப்போது நானும் என் மனைவியும் நடத்துகிறோம். 2011இல் கடையின் பெயரில் ஃபேஸ்புக் பக்கம் தொடங்கி, நாங்கள் வடிவமைத்த திருமண அழைப்பிதழ்கள், காதணி விழா அட்டைகள், பூப்புனித நன்னீராட்டு விழாப் பதாகைகள், புதுமனை புகுவிழா அழைப்புகள், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஆகியவற்றை மாதிரி காட்டுவதற்காக அதில் ஏற்றிவந்தோம். அன்று இத்தொழிலில் இருந்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். வாடிக்கையாளர்களும் தங்கள் வீட்டுப் பத்திரிகை ஃபேஸ்புக்கில் வந்ததைப் பெருமையாகக் கருதி, உறவினர்களுக்கெல்லாம் பகிர்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான படங்கள் அங்கே சேர்ந்துவிட்டன.

அவற்றை நீக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தூண்டியவர் ஓர் இளம்பெண். பெங்களூரில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு ஊர் வந்தபோது கடைக்கு வந்து, அப்பாவின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். “அண்ணா, என் பேரைப் போட்டுத் தேடினா உங்க பக்கத்துல இருக்கற அந்த பேனர்தாங்ணா முதல்ல வருது, எடுத்துட முடியுங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பட்டுப் பாவாடையும் மாலையுமாகச் சிறுமி ஒருத்தி நிற்கும் பூப்புனித நன்னீராட்டு விழாப் பதாகை அது. படத்துக்கு மேலே பெயர், பெற்றோர் பெயர், ஊர் என எல்லாவற்றையும் நாங்களே தட்டச்சு செய்து போட்டிருந்தோம். அவர் எதிரிலேயே அதை நீக்கிவிட்டேன். ஆனால், அதே பக்கத்தில் அவரைப் போன்ற வேறு பெண்களின் பதாகைகளும் இருந்தன. அவர்கள் ஒவ்வொருவரும் கூச்சத்தை விட்டுக் கடைப்படி ஏறி வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது முறையாகாது என்று என் மனைவி சொன்னார். வேலை அன்றே தொடங்கியது.

நம் ஊர் அழைப்பிதழ் ஒன்றில் எவ்வளவு விவரம் அடங்கியிருக்கிறது என்பதை அச்சிடுகிற எங்களுக்கே அதுவரை யோசிக்கத் தோன்றவில்லை. உச்சியில் குலதெய்வத்தின் பெயர். அதை வைத்துக் குலத்தையும் ஊரையும் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கீழே மணமக்களின் தாத்தா பாட்டி தொடங்கிப் பெற்றோர், தாய்மாமன், அத்தை, உடன்பிறந்தோர் வரை அத்தனை பேரின் பெயர்கள், அவர்களுடைய தொழில், படிப்பு, அவர்கள் வசிக்கும் வெளிநாடு. கதவு எண்ணோடு கூடிய வீட்டு முகவரி, இரண்டு மூன்று கைபேசி எண்கள், பழைய அட்டையானால் 0427 என்று தொடங்கும் சேலம் தொலைபேசி எண் அல்லது 04281 என்று தொடங்கும் ஏற்காடு எண். காதணி விழா என்றால் குழந்தையின் படமும் முழுப் பெயரும் உண்டு. முதலாம் ஆண்டுப் பிறந்தநாள் பதாகை என்றால் பிறந்த தேதியும் தெளிவாகிவிடும். மாமன் பெயரையும் சித்தப்பா பெயரையும் சரியாகச் சொல்லி அவசரத்துக்குப் பணம் கேட்கும் மோசடிப் பேர்வழிக்கு இதைவிட வசதியான கையேடு தேவையில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. நாங்கள் ஏற்றியவை படங்கள். 2012இல் அவற்றிலுள்ள எழுத்தைப் பெரும்பாலும் மனிதர்கள்தாம் படிக்கும் நிலை இருந்தது. இன்று கூகுள் லென்ஸைத் திறந்து அழைப்பிதழின் மேல் காட்டினால், அலங்கார எழுத்துகளில் சற்றே தடுமாறினாலும், பெயரையும் எண்ணையும் எழுத்தாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆகவே, பத்தாண்டுகளுக்கு முன் படம் என்ற பாதுகாப்பில் வெளியிடப்பட்ட விவரம் இன்று எவரும் திரட்டத்தக்க பட்டியலாகிவிட்டது. பழைய பதிவு பழையதாகவே கிடக்கும், யார் தேடப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீக்குவதற்கு முன் நகல் எடுத்துவைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஃபேஸ்புக்கின் அமைப்புகளில், நம் தகவல்களைப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. எந்தக் காலப்பகுதி, எந்தெந்த வகைத் தகவல், படத்தின் தரம் எவ்வளவு என்பதையெல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். தரத்தை உயர்ந்த அளவுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றத் தவறினால் படங்கள் சுருங்கி வரும். கோப்பு உடனே வராது, தயாரானதும் அறிவிப்பு வரும், பதிவிறக்கும் இணைப்பும் சில நாள்களே செல்லும். கடையின் பக்கத்துக்கான நகல் தனி, நம் சொந்தக் கணக்குக்கான நகல் தனி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதியவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு அவசியம். நகலை எச்டிஎம்எல், ஜேசான் என்ற இரண்டு வடிவங்களில் ஒன்றில் கேட்கலாம். ஜேசான் வடிவத்தைத் திறந்தால் தமிழ் எழுத்துகள் யாவும் ‘à®’ போன்ற விசித்திரக் குறிகளாக மாறித் தெரியும். அதைப் பார்த்துத் தரவு கெட்டுவிட்டது என்று பதறியவர்களை அறிவேன். தரவு கெடவில்லை. யுனிகோடு தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனி எழுத்துகளாகக் கருதி ஃபேஸ்புக் எழுதிவிடுகிறது. கணினி அறிந்தவர் ஒருவர் லத்தீன்-1 முறையில் அதைப் பைட்டுகளாக்கி, மீண்டும் யுடிஎஃப்-8 ஆகப் படிக்கச் செய்தால் தமிழ் திரும்பிவிடும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் எச்டிஎம்எல் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உலாவியிலேயே நேராகப் படிக்கலாம். நாங்கள் இரண்டையும் எடுத்தோம். படிப்பதற்கு ஒன்று, தேதி வாரியாகப் பிரிப்பதற்கு மற்றொன்று.

நகல் கைக்கு வந்ததும் அழிப்பு வேலையில் இறங்காமல் அதைப் பொறுமையாகப் புரட்டியதில்தான் முக்கியமான ஒன்று தெரியவந்தது. நாங்கள் போட்ட படமும் எழுதிய வரியும் நகலில் இருந்தன. அவற்றின் கீழே மற்றவர்கள் எழுதிய பின்னூட்டங்கள் இல்லை. அவை அவரவர் கணக்கைச் சேர்ந்த தகவல் என்பதால் நம் நகலில் சேர்வதில்லை. ஆனால், நாம் பதிவை நீக்கினால் அந்தப் பின்னூட்டங்களும் சேர்ந்தே மறைந்துவிடும். அதாவது, நகல் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு நீக்குகிறவர், திரும்பக் கிடைக்காத ஒன்றையும் தம்மை அறியாமல் நீக்குகிறார்.

எங்கள் பக்கத்தில் இது எங்கே தைத்தது என்றால், என் தந்தையார் மறைந்தபோது நாங்களே வடிவமைத்து ஏற்றிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில். அதன் கீழே, அவரிடம் அச்சுக்கோக்கக் கற்றவர்கள், சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை பகுதிகளில் பின்னாளில் சொந்த அச்சகம் வைத்தவர்கள், கடன் சொல்லிக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டு போனவர்கள் எனப் பலர் எழுதியிருந்தார்கள். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே படிக்கும் வேகத்தைப் பற்றி ஒருவர், ‘ழ’கரம் தீர்ந்துபோனால் பக்கத்துக் கடைக்குப் போய் இரவல் வாங்கிவரச் சொன்னதைப் பற்றி இன்னொருவர், பிழைதிருத்தும்போது பெரியவர் காட்டும் கோபத்தைப் பற்றி மூன்றாமவர். எழுதியவர்களில் சிலரும் இன்று இல்லை. குடும்பத்தில் எவரிடமும் இந்தச் செய்திகள் வேறு வடிவில் கிடையாது. ஆகவே அந்தப் பதிவை முழுவதுமாக விரித்து, ‘மேலும் காண்க’ என்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, உலாவியிலிருந்து பிடிஎஃப் ஆக அச்சிட்டு வைத்துக்கொண்டோம். பதிவைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்து ஆவணக் காப்பில் போட்டுவிட்டோம். அப்படிப் போட்டால் பதிவு நமக்கு மட்டும் தெரியும், பின்னூட்டங்கள் அதனோடு அப்படியே இருக்கும், விரும்பினால் மீண்டும் வெளியே கொண்டுவரலாம். அழிப்பதா வேண்டாமா என்ற தயக்கம் வரும் எல்லாப் பதிவுகளுக்கும் இது பொருந்தும். ஆனால், ஆவணக் காப்பில் இருப்பது ஃபேஸ்புக்கின் கணினிகளில் தொடர்ந்து இருக்கத்தான் செய்யும் என்பதால், பிறருடைய பிறந்த தேதியையும் முகவரியையும் கொண்ட பதிவுகளுக்கு அதை நாங்கள் போதுமானதாகக் கொள்ளவில்லை.

அடுத்து, தரம் பிரித்தல். தேடுபெட்டியில் ‘நீராட்டு’ என்று அடித்தால் அத்தனையும் வந்துவிடும் என்று எதிர்பார்த்தோம், வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் கைபேசியில் தமிழ் தட்டச்சு வசதி சரியாக இல்லாததால் பல வரிகளை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தோம். பின்னர்த் தமிழில் எழுதியவற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் வரும் ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்தும் உருவாக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் சாதாரணத் தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சில தட்டச்சுச் செயலிகள் முதல் வகையிலும் சில இரண்டாம் வகையிலும் எழுதும். எனவே ஒரே சொல்லைப் பல விதமாக அடித்துத் தேட வேண்டியிருந்தது. கடைக் கணினியில் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகளிலாவது தேடலாமே என்றால், அவை பெரும்பாலும் யுனிகோடு வருவதற்கு முந்தைய முறையில் அமைந்த வானவில், ஸ்ரீலிபி எழுத்துருக்களில் செய்யப்பட்டவை. போதாததற்கு, அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். அங்கே தேடுவதற்கு எழுத்தே இல்லை.

பொறியியல் படிக்கும் என் மைத்துனர் மகன் ஒரு வழி சொன்னான். டெசராக்ட் என்ற கட்டணமில்லாத எழுத்துணரி மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். பதிவிறக்கிய படங்களை எல்லாம் அதற்குள் செலுத்தினான். வளைந்து நெளிந்த அலங்காரத் தமிழில் அது பாதிக்குப் பாதி பிழையாகப் படித்தது, ஆனால் எண்களை நன்றாகவே பிடித்தது. எங்களுக்கு வேண்டியதும் எண்கள்தாம். பத்து இலக்கம் வருகிற படங்களையெல்லாம் தனியே எடு என்று கட்டளையிட்டு, அதே கட்டளையை ஜேசான் கோப்பிலும் ஓட்டியபோது, ஒவ்வொரு பதிவும் அகப்பட்டது. காரணம் வேடிக்கையானது: அந்தக் கோப்பில் தேதி என்பது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளின் எண்ணிக்கையாகக் குறிக்கப்படுகிறது, அதுவும் பத்து இலக்கமே. நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் என்பதால், 1 என்று தொடங்குபவற்றை விலக்கியதும் பட்டியல் சீரானது. படத்தில் எண் இல்லாவிட்டாலும் குழந்தையின் முகம் உள்ளவற்றை என் மனைவி கண்ணால் பார்த்தே பிரித்தார். இயந்திரத்தை நம்பி முடிக்கக்கூடிய வேலை இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரித்து முடித்த பிறகும் நேரே நீக்கிவிடவில்லை. அதற்குக் காரணம் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்தில் வசிக்கும் ஒரு குடும்பம். அவர்களுடைய காப்பித்தூள் பொட்டலங்களுக்கு நாங்கள்தாம் ஒட்டுச்சீட்டு அடித்துக்கொடுக்கிறோம். அதற்காகப் பேசும்போது, பழைய பத்திரிகைகளையெல்லாம் பக்கத்திலிருந்து எடுக்கப்போகிறோம் என்று சொன்னதும், அந்த வீட்டம்மா பதறிவிட்டார். ஒழுகும் கூரையின் கீழ்ப் பெட்டியில் வைத்திருந்த திருமண அட்டைகள் அத்தனையும் ஒரு மழைக்காலத்தில் ஊறிக் கூழாகிவிட்டன; மகளின் திருமண அழைப்பிதழைப் பார்க்க வேண்டும் என்றால் அவர்கள் எங்கள் பக்கத்தைத்தான் திறந்து பார்த்துவந்திருக்கிறார்கள். நாம் மாதிரிப் படம் என்று கருதியது அவர்களுக்கு மிஞ்சிய ஒரே பிரதி. அதற்குப் பிறகு, எண் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவரவர் அழைப்பிதழை அச்சுத் தரத்திலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் குறையாது. பலருடைய எண்கள் மாறிவிட்டிருந்தன. அவர்களுக்குரிய கோப்புகளை ஊர் வாரியாகக் கடையில் ஒரு வன்தட்டில் வைத்திருக்கிறோம், வந்து கேட்டால் கொடுப்போம். தங்கள் பதிவு பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு எண்ணையும் முகவரியையும் மறைத்த புதுப் படத்தை ஏற்றிக்கொடுத்தோம்.

நீக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. 2020இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ‘மேனேஜ் ஆக்டிவிட்டி’ வசதி வந்த பிறகு, பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தேவையில்லை. கணக்கின் செயல்பாட்டுப் பதிவேட்டுக்குச் சென்று, ஆண்டையும் வகையையும் வடிகட்டி, பலவற்றை ஒருசேரத் தேர்ந்தெடுத்து, ஆவணக் காப்புக்கோ குப்பைத்தொட்டிக்கோ அனுப்பலாம். குப்பைத்தொட்டியில் 30 நாள்கள் இருக்கும், அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். அவசரமானவற்றைத் தொட்டிக்குள் சென்று உடனேயே அழிக்கவும் முடியும். கடையின் பக்கத்துக்கு இதைச் செய்ய, முதலில் அந்தப் பக்கமாக மாறிக்கொண்டு பிறகு பதிவேட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக் கணக்கின் பதிவுகளே வரும். ‘அனைத்தும்’ என்று தேர்ந்தெடுத்தாலும், திரையில் அதுவரை இறங்கியவைதாம் தேர்வாகின்றன என்பதால், ஓர் ஆண்டை ஒரு மாதம் ஒரு மாதமாகச் செய்வதே ஒழுங்காக இருந்தது. மிக வேகமாகச் செய்தால், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்து வேலை நின்றுவிடும். சற்று நேரம் விட்டுவிட்டுத் தொடர்ந்தால் சரியாகிவிடும். ஆல்பமாக ஏற்றிய படங்களுக்கு, ஆல்பத்தையே நீக்கினால் உள்ளிருக்கும் எல்லாப் படங்களும் ஒரே அடியாகப் போய்விடும்.

ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன் என்று சொல்லும் உலாவி நீட்சிகள் பல உண்டு. அவை நாம் உள்நுழைந்திருக்கும் கணக்கின் முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. நம் செய்திப்பெட்டி உட்பட எதையும் படிக்கும் வாய்ப்பு அவற்றுக்குக் கிடைக்கிறது. பிறருடைய விவரங்களைக் காப்பதற்காகத் தொடங்கிய வேலைக்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாலை வேளைகளில் கடையை மூடிய பிறகு கையாலேயே செய்து முடித்தோம்.

இன்ஸ்டாகிராமில் வேலை எளிது. ‘உங்கள் செயல்பாடு’ என்ற பகுதியில் 2022 முதல் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் தேதி வாரியாக மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கலாம், பதிவுகளுக்கு அங்கும் 30 நாள் அவகாசம் உண்டு. ட்விட்டர், அதாவது 2023 முதல் எக்ஸ், எங்கள் தொழிலுக்குப் பயன்படவில்லை. இருந்த சிலவற்றைக் கையால் நீக்கினேன். அங்கே நிறைய எழுதியவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி: அண்மைய 3,200 பதிவுகளுக்கு மேல் வெளிச் செயலிகள் எடுக்க முடியாதபடி நிறுவனம் வரம்பு வைத்திருந்ததால், அதற்கு முந்தையவற்றை அழிக்க, நம் கணக்கின் ஆவணக் கோப்பைக் கேட்டு வாங்கி அதைக் கொண்டே செய்ய வேண்டும். வெளிச் செயலிகள் ட்விட்டரோடு இணைவதற்கான வசதி 2023இல் கட்டணத்துக்கு உட்பட்ட பிறகு முன்பு இலவசமாக இருந்த கருவிகள் பல நின்றுவிட்டன.

என் சொந்தக் கணக்கின் கருத்துகளை நான் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போதும், 2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்தபோதும் எழுதியவை அவற்றுள் அடக்கம். சிலவற்றை இன்று வேறு விதமாக எழுதுவேன். ஆனால் அவை என் பெயரில் நான் சொன்னவை, எவருடைய முகவரியும் அவற்றில் இல்லை. பழைய பதிவுகளின் பார்வையாளர்களை நண்பர்கள் என்ற அளவுக்குச் சுருக்கும் வசதி ஃபேஸ்புக் அமைப்புகளில் உண்டு. அதை மட்டும் பயன்படுத்தினேன். ஒருமுறை சுருக்கினால் மொத்தமாகத் திரும்ப விரிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். கடைப் பக்கங்களுக்கு இந்த வசதியும் இல்லை, ஏனெனில் பக்கம் என்பதே பொதுப்பார்வைக்கானது.

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லும் பிள்ளைகள், விசாவுக்காக எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கடையில் கேட்பதுண்டு. 2019 முதலே அந்நாட்டு விசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025இல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கணக்குகளைப் பொதுப்பார்வைக்கு வைக்கவும் சொல்லப்பட்டார்கள். பதிவுகளை அழித்தாலும் கணக்கின் பெயரைக் குறிப்பிடும் கடமை போவதில்லை. வழக்கோ காவல்துறைப் புகாரோ நிலுவையில் இருப்பவர்கள் நிலை இன்னும் வேறு. சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதே குற்றமாகலாம் என்பதால், அவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

பக்கத்தில் நீக்கியது எல்லா இடத்திலும் நீங்கிவிடவில்லை. கூகுள் தேடலில் பழைய படத்தின் சிறு உருவம் சில காலம் வந்துகொண்டிருந்தது. மூலப் பக்கத்திலிருந்து போய்விட்ட பதிவுகளைத் தேடல் முடிவிலிருந்தும் எடுக்கச் சொல்வதற்குக் கூகுள் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை, எவரும் முகவரியை இட்டு விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களோ அவர்களுடைய பெற்றோரோ படத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கக் கோரும் வழியும் 2021 முதல் உண்டு. இன்னும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தோம். எங்கள் பழைய இணையதளத்தின் மாதிரிப் பக்கம் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமிக்கப்பட்டிருந்தது. தளத்தின் உரிமையாளர் என்ற முறையில் மின்னஞ்சல் எழுதிக் கேட்ட பிறகு அதை எடுத்துவிட்டார்கள். முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றைப் பற்றிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, எல்லாருக்கும் நீக்கும் வசதி அனுப்பிய இரண்டரை நாள்களுக்குள்தான் செல்லும்.

சட்டமும் இந்தத் திசையில் வருகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தம் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை அதில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும் இருக்கிறது. சொந்த, வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கு விலக்கு உண்டு. அச்சகத்தின் விளம்பரப் பக்கத்தை வீட்டுத் தேவை என்று சொல்லிக்கொள்ள முடியாது. சிறு கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் தொழில் நண்பர்களுக்கு நான் இந்த ஒரு பிரிவையாவது காட்டுகிறேன்.

இப்போது மாதிரி காட்டுவதற்கு, மணமகன் பெயர், மணமகள் பெயர், ஊர் என்று வெற்றாக அச்சிட்ட வடிவங்களையே ஏற்றுகிறோம். அதற்காக வாடிக்கையாளர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆர்டர் எழுதும் சீட்டில், வடிவமைப்பைப் பொதுவில் காட்டலாமா என்று கேட்கும் ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறோம். காட்ட வேண்டாம் என்பவர்களே அதிகம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் விழாவுக்கு வருபவர்கள். மீதமிருக்கும் தொல்லை, எங்கள் வடிவங்களைப் பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துப் போட்டுக்கொண்ட பிற கடைகளின் பக்கங்களும், படங்களைத் தொகுத்துப் பகிரும் பின்டரெஸ்ட் தளத்தின் பலகைகளும்தான். பின்டரெஸ்ட்டில் உரிமையாளர் என்ற முறையில் பதிப்புரிமைப் புகார் அளித்தால் எடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர்களிடம் தொலைபேசியில் பேசிப் பார்க்கிறேன்; சிலர் அன்றே எடுக்கிறார்கள், சிலர் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாம் என்று சொன்னவர்களின் பட்டியல் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது, வாரத்தில் ஓரிருவரை அழைத்துக் கேட்டுவருகிறேன்.